ஆச்சி சொல்லும் வலி டாக்டர் காதுக்குப் போய்ச் சேர

மும்பை சயன் ஆஸ்பத்திரி வார்டு, காலை ரவுண்ட்ஸ் நேரம். டாக்டர் கட்டில் பக்கம் வந்து "க்யா தக்லீஃப் ஹை?" (என்ன தொந்தரவு?) என்கிறார். கட்டிலில் இருக்கும் ஆச்சி, "ராத்திரியில இருந்து நெஞ்சைப் போட்டுப் பிசையுதுய்யா, இடது தோள் வரைக்கும் இழுக்குது, வேர்த்து ஊத்துது" என்கிறார். பக்கத்தில் நிற்கும் பேரன் அதை "சாத்தீ மே தர்த் ஹை" (நெஞ்சு வலிக்கிறது) என்று முடித்துவிடுகிறான். ஆச்சி சொன்னது மூன்று விஷயம். டாக்டருக்குப் போனது ஒன்று.

தாராவி, சயன் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் என்று மும்பையில் எங்கே இருந்தாலும் நம் தமிழர்கள் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசும்போது, "அந்த டாக்டர் தங்கமானவர்", "இவர் முகம் கொடுத்தே பேசலை" என்று இரண்டே தீர்ப்புதான். டாக்டரின் குணம் நம் கையில் இல்லை. நோயாளியின் வார்த்தை சிதையாமல் அவரிடம் போய்ச் சேர்வது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. கூட இருந்து பார்த்துக்கொள்பவர் செய்ய வேண்டிய வேலை அது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேலே ஆச்சி சொன்ன மாதிரி நெஞ்சு அழுத்தம், வேர்வை, மூச்சுத் திணறல், திடீரென்று வாய் கோணுதல், பேச்சு குழறுதல் எது வந்தாலும் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்கக் கூடாது. வார்டில் இருந்தால் அந்த நிமிடமே சிஸ்டரிடம் போய்ச் சொல்லுங்கள். வீட்டில் இருந்தால் 108.

முதல் ஒன்றரை நிமிடம்

நோயாளி பேச ஆரம்பித்ததும் டாக்டர் இடைமறிப்பது மும்பைக்கு மட்டும் உரியது இல்லை. 1984-இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில் சராசரியாக 18 விநாடியில் டாக்டர்கள் குறுக்கிட்டிருக்கிறார்கள். 2002-இல் ஸ்விட்சர்லாந்தில் வந்த இன்னொரு ஆய்வில், 335 நோயாளிகளை இடைமறிக்காமல் பேச விட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சொல்லி முடிக்கச் சராசரியாக ஆன நேரம் 92 விநாடி. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். மனதில் இருப்பதைச் சொல்ல அவ்வளவு நேரம் போதும். அந்த 92 விநாடியை நல்லபடியாகப் பயன்படுத்த முந்தின நாள் சாயங்காலமே ஆச்சியை ஒருமுறை சொல்ல வைத்துக் கேளுங்கள்.

வரிசை முக்கியம். இப்போது ரொம்பப் படுத்துவது எது, எப்போது ஆரம்பித்தது, என்ன செய்தால் கூடுது, என்ன செய்தால் குறையுது, நேற்றிலிருந்து புதிதாக என்ன வந்திருக்கிறது. இதற்குப் பிறகுதான் பழைய கதை. "பத்து வருஷத்துக்கு முன்னாடி ஊர்ல ஒரு காய்ச்சல் வந்தது" என்று தொடங்கினால், இன்றைய மூச்சு வாங்கலுக்கு வருவதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

இன்னொரு சிக்கல் நம் பெரியவர்களின் 'பரவாயில்லை'. ராத்திரி முழுக்க வலியில் புரண்டவர், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் கைகூப்பி "நல்லாயிருக்கேங்கய்யா" என்று சொல்லிவிடுவார். அது மரியாதை. டாக்டருக்கோ அது நோய் குறைந்ததற்கான அடையாளம். அதனால் இரவில் நடந்ததை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: "1.20, வலியில் எழுந்தார். 3.00, ஊசி போட்டார்கள். 3.40, தூங்கினார்." வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பலருக்கும் சொல்ல வராது. தூக்கம் கலைந்ததா, சாப்பாடு இறங்கியதா, கக்கூஸுக்குத் தானாக நடந்து போனாரா என்று சொல்லுங்கள். எண்ணைவிட அது தெளிவு.

தமிழிலிருந்து இந்திக்கு

உடம்பு வாதையைச் சொல்ல நம்மிடம் வார்த்தைகள் ஏராளம். குத்துது, குடையுது, பிசையுது, எரியுது, காந்துது, இழுக்குது, கடுக்குது, சுருக்குன்னுது. ஒவ்வொன்றும் டாக்டருக்கு வேறு வேறு தடயம். எல்லாவற்றையும் 'தர்த்' ஆக்கினால் தடயம் அழிந்துபோகும்.

நெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். பிசைவது, அழுத்துவது என்றால் "தபாவ்", "பாரீ லக்தா ஹை". கரிப்பது, எதுக்களிப்பது என்றால் "ஜலன்", "கட்டீ டக்கார்". படபடப்பு என்றால் "தட்கன் தேஜ்". மூச்சு வாங்குவது என்றால் "ஸாஸ் பூல்தீ ஹை". நான்கும் டாக்டரை நான்கு திசையில் யோசிக்க வைக்கும். மராட்டி பேசும் சிஸ்டரிடம் "தம் லாக்தோ" என்றால் மூச்சு வாங்குவது உடனே புரியும்.

மயக்கம் என்ற சொல்லில் அதிகக் கவனம் வேண்டும். தலை சுற்றுவதையும், கண் இருட்டிக்கொண்டு வருவதையும், நினைவு தப்பி விழுவதையும் நாம் 'மயக்கம்' என்போம். இந்தியில் 'சக்கர்' என்றாலும் அதே குழப்பம்தான். அறையே சுற்றுகிற மாதிரி இருந்ததா, எழுந்து நின்றதும் கண் இருட்டியதா, நினைவே இல்லாமல் விழுந்தாரா என்று ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு பிறகு சொல்லுங்கள். நினைவு தப்பியிருந்தால் "பேஹோஷ்" என்ற சொல் கட்டாயம் வர வேண்டும். அதே மாதிரி, எறும்பு ஊர்கிற உணர்வு "ஜுன்ஜுனி", உணர்ச்சியே இல்லாமல் மரத்துப்போனது "சுன்". சூட்டினால் நீர்க்கடுப்பு என்பதை "கர்மீ" என்று மாற்றினால் யாருக்கும் விளங்காது. "பிஷாப் மே ஜலன்" என்றால் போதும்.

'கேஸ்' (வாயு) என்ற சொல்லையோ சொல்லாமலே விட்டுவிடுவது நல்லது. அது நாமே வைத்த நோயின் பெயர், உடம்பு சொன்ன குறி அல்ல. மாரடைப்பின் அழுத்தத்தையும் வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருப்பவர்கள் உண்டு. உணர்ந்ததைச் சொல்லுங்கள், பெயரை டாக்டர் வைக்கட்டும்.

நிற்கும் இடமும் பேச்சை மாற்றும். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்காதீர்கள். கட்டிலின் தலைமாட்டில், ஆச்சியின் தோளுக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். அப்போது டாக்டரின் கண் ஆச்சியின் முகத்தில் இருக்கும், அழுத்தும்போது முகம் சுளிப்பதும் தெரியும். அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள். புகையிலை, சாராயம், ஊரிலிருந்து வந்த சூரணம், லேகியம் எதையும் வெட்கப்பட்டு விழுங்காதீர்கள்.

பெண்களின் நோயை மகனோ பேரனோ மொழிபெயர்க்கக் கூடாது. வெள்ளைப்படுகிறது என்று எந்தத் தாயும் மகனை வைத்துச் சொல்ல மாட்டார், வயிற்றுவலி என்று நிறுத்திக்கொள்வார். நம் சாலில் (வரிசைக் குடியிருப்பில்) இருக்கும் ஒரு அக்காவையோ மருமகளையோ அழைத்துப் போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தி நன்றாக வரும் என்பதற்காக அவர்கள் தலையில் இந்தப் பாரத்தை வைக்க வேண்டாம். வார்டில் தமிழ் தெரிந்த சிஸ்டரோ ரெசிடென்ட் டாக்டரோ (மேற்படிப்பு படித்துக்கொண்டே வார்டில் வேலை செய்பவர்) இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்கு வருகிறவர்கள் உண்டு. மலையாள சிஸ்டர்கள் பலருக்குத் தமிழ் புரியும்.

ஸ்டூலைக் காலி செய்யுங்கள்

கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும். அதன்மேல் சாப்பாட்டுக் கூடை, தண்ணீர் பாட்டில், எக்ஸ்ரே கவர். ரவுண்ட்ஸுக்குக் கால் மணி நேரம் முன்பே அதையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஸ்டூலை ஆச்சியின் முகம் பார்த்தபடி, மூன்றடிக்குள் போடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பலன் அளந்து பார்த்தது. 2023-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், நாற்காலியை அப்படிப் போட்டு வைத்தபோது டாக்டர்கள் 60-க்கு 38 முறை உட்கார்ந்து பேசினார்கள். நாற்காலி வழக்கமான இடத்தில் இருந்தபோது 65-க்கு 5 முறைதான். உட்கார்ந்து பேசும் டாக்டர் அதிக நேரம் இருந்ததாக நோயாளிக்குத் தோன்றும் என்பதையும் 2012-இல் ஒரு ஆய்வு காட்டியது, உண்மையில் ஆன நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். நெரிசலான வார்டில் இடமே இல்லையென்றால் கட்டிலின் ஒரு பக்கத்தையாவது சாமான் இல்லாமல் வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியது

ஒரே ஒரு தாள், இங்கிலீஷில், பெரிய எழுத்தில். ஆதாரில் உள்ளபடி பெயர், வயது, சுகர், பிரஷர் எந்த வருஷத்திலிருந்து, செய்த ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத மருந்து, அதைச் சாப்பிட்டபோது என்ன ஆனது. பிறகு இப்போது சாப்பிடும் மாத்திரைகள், மில்லிகிராம் அளவோடு, எந்த வேளை என்பதோடு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் இருந்தால் அடிக்கோடு போடுங்கள், ஆபரேஷனுக்கு முன் அதுதான் முதல் கேள்வி. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் அதையும் நினைவுபடுத்துங்கள்.

மாத்திரை அட்டையை அப்படியே கொண்டுபோங்கள் என்றால் பலரும் கொண்டுவருவது நான்கு மாத்திரை வெட்டிய துண்டு. அதில் பெயரும் இருக்காது, மில்லிகிராமும் இருக்காது, பளபளக்கும் வெள்ளித்தாள் மட்டும் இருக்கும். மெடிக்கலில் வாங்கும்போதே பெயர் உள்ள பக்கத்தைக் கடைசியில் வெட்டச் சொல்லுங்கள், முதல் நாளே போட்டோ எடுத்து வையுங்கள். பழைய கேஸ் பேப்பர்கள் தேதிவாரியாக, புதியது மேலே.

மலம் தார் மாதிரி கருப்பாகப் போனால் சொல்ல வேண்டும், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதனாலும் கருக்கும். மூச்சு வாங்குகிறவர் எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார், ஸ்டேஷன் பாலத்தில் எத்தனை படி ஏறியதும் நிற்கிறார் என்பதெல்லாம் டாக்டருக்கு அளவுகோல்.

எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கக் காசு இல்லாவிட்டால் அதை மறைக்காதீர்கள். வாங்காத மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் இன்னும் வீரியமானதை எழுதிவிடுவார். "நஹி லே பாயே" (வாங்க முடியவில்லை) என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் இருக்கும் சமூக சேவகரிடம் அனுப்புவார்கள்.

யாரிடம், எப்போது

மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு பிரிவும் யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். யூனிட்டுக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், ரெசிடென்ட்டுகள். முடிவெடுப்பது மேலே இருப்பவர். ஆச்சியின் ரத்தப் பரிசோதனை, நேற்றைய பிரஷர், எந்த ஊசி மாறியது என்பதை விரல் நுனியில் வைத்திருப்பவர் முதல் வருஷ ரெசிடென்ட். அவரிடம் மதியத்துக்கு மேல், வார்டு அடங்கியதும் பேசுங்கள். அந்த யூனிட் அவசர நோயாளிகளைச் சேர்க்கும் எமர்ஜென்சி நாளில் அவருக்கு உட்காரவே நேரம் இருக்காது, எது அந்த நாள் என்று சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லி வணக்கம் சொல்லுங்கள். வார்டு வேலை செய்யும் மாமாவுக்கும் மாவுஷிக்கும் (ஆண், பெண் ஊழியர்களை இங்கே அழைப்பது அப்படித்தான்) அதே மரியாதை வேண்டும், நள்ளிரவில் சிஸ்டரைக் கூப்பிட்டு வருகிறவர்கள் அவர்கள்தான்.

குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். காலையில் மகன், மதியம் மருமகன், சாயங்காலம் திருநெல்வேலியிலிருந்து போனில் சித்தப்பா என்று ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால், டாக்டர் பதிலைச் சுருக்கத் தொடங்குவார். சொந்தக்காரர்களுக்கு இரவில் ஒரே வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடலாம்.

கேட்க வேண்டியது மூன்று: என்ன நோய் என்று நினைக்கிறீர்கள், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், எதைப் பார்த்தால் நாங்கள் உடனே கூப்பிட வேண்டும். பதிலைக் கேட்டதும் "ஏக் பார் போல்கே திகாதா ஹூம், கலத் ஹோ தோ பதாயியே" (ஒருமுறை சொல்லிக் காட்டுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்) என்று சொல்லி, புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

பெரிய நோய் என்று தெரிந்தால்

"அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்" என்று கதவுக்கு வெளியே கெஞ்சுவது நம் வழக்கம். ஆனால் மும்பையில் "பரேல் டாட்டாவுக்குப் போகணும்" என்ற ஒரு வாக்கியமே நோயைச் சொல்லிவிடும், அது புற்றுநோய் ஆஸ்பத்திரி, எந்த ஆச்சிக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி அவரும் நடிக்க, அழக்கூட இடம் இல்லாமல் போகும். டாக்டரிடம் வேறு மாதிரி கேளுங்கள்: "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு முதல்ல அவங்ககிட்டயே கேளுங்க." எல்லாம் சொல்லுங்கள் என்பவர் உண்டு, என் மகனிடம் சொல்லுங்கள் என்பவரும் உண்டு. இரண்டும் அவருடைய விருப்பம். மொழிபெயர்க்கும்போது மட்டும் 'கட்டி' என்று டாக்டர் சொன்னதை 'புண்' ஆக்கிவிடாதீர்கள், மறுநாள் அவர் கையெழுத்துப் போடப்போவது கட்டிக்கான ஆபரேஷனுக்கு.

கவனிப்பு சரியில்லை என்றால்

முதலில் ரெசிடென்ட், பிறகு யூனிட் தலைவர், அதன் பிறகு சூப்பரின்டென்டன்ட் அல்லது டீன் அலுவலகம். தேதி, வார்டு எண், நடந்தது, கேட்பது என்ன என்று அரைப்பக்கத்தில் எழுதி, இரண்டாவது பிரதியில் இன்வர்டு முத்திரை (மனு கிடைத்தது என்ற முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். சத்தம் போட்டால் செக்யூரிட்டி வருவார், டாக்டர் ஒதுங்கிவிடுவார். பெண் நோயாளியை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உரிமை. சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-இல் வந்த மருத்துவர் நடத்தை விதி.

நன்றாகப் பார்த்த டாக்டருக்கும் அதே அரைப்பக்கம் எழுதலாம். பெயர், வார்டு, தேதி, அவர் செய்த ஒரு காரியம்: ராத்திரி இரண்டு மணிக்கு வந்து ஆச்சியின் கையைப் பிடித்து ஊசி எதற்கு என்று சொன்னது. யூனிட் தலைவருக்கு ஒன்று, அந்த ரெசிடென்ட்டுக்கு ஒன்று. தமிழில் எழுதி, கீழே இங்கிலீஷில் இரண்டு வரி சேர்த்தால் போதும், டிஸ்சார்ஜ் கார்டு வாங்கும்போதே கொடுத்துவிடலாம்.