"ஓம் மிஸ்" என்றதும் நம்பிவிடாதீர்கள்

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து மகனோடு எங்கள் மனநலக் கிளினிக்குக்கு வந்த ஒரு தாய், நான் சொன்ன எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ்" என்றார். குளிசையைக் காலையும் இரவும் கொடுக்கச் சொன்னேன். ஓம் என்றார். அடுத்த மாதம் பார்த்தால் காலைக் குளிசைகள் அப்படியே மிச்சம். அதைப் போட்டால் மகன் வயல் வரம்பிலேயே தூங்கி விழுகிறானாம். "ஏன் அம்மா முதலே சொல்லவில்லை?" என்றேன். "நீங்கள் கேட்கேல்லையே மிஸ்" என்றார்.

பிழை என்னுடையது. வைத்தியர் இரண்டையும் இரவுக்கே மாற்றிக் கொடுத்தார், சரியாகிவிட்டது. மனநலப் பிரிவில் வேலைக்கு வரும் இளம் தாதியருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: "விளங்கினதா?" என்று கேட்காதீர்கள். வன்னியில் அதற்கு ஓம் என்ற ஒரே பதில்தான் வரும். "வீட்டுக்குப் போய் அக்காவுக்கு இதை எப்படிச் சொல்லுவீர்கள்?" என்று கேளுங்கள். எது விளங்கவில்லை என்பது அப்போது தெரியும்.

அடுத்தது குடி. தினமும் கசிப்போ (கள்ளச்சாராயம்) சாராயமோ குடிப்பவரிடம் "நாளையிலிருந்து தொடக்கூடாது" என்று சொல்லி அனுப்புவது நல்ல புத்திமதி போலத் தெரியும். உண்மையில் அது உயிராபத்து. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் சிலருக்கு இடம் தெரியாது, நேரம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள். வீட்டார் பேய் பிடித்துவிட்டது என்று பரியாரியிடம் கொண்டு ஓடுவார்கள். அதிகமாகக் குடிப்பவர் வைத்தியர் கொடுக்கும் மருந்தோடு, கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

இதே தவறு மற்ற வார்ட்டுகளிலும் நடக்கிறது. மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்து வந்தவர், வார்ட்டில் குடி திடீரென நின்றதால், மூன்றாம் நாள் இரவு கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்க்கிறார். குழப்படிக்காரன் என்று கையைக் காலைக் கட்டுகிறார்கள். அனுமதிக்கும்போதே "கடைசியாக எப்போது குடித்தீர்கள், ஐயா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். இப்படிப்பட்டவருக்குக் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுமுன் தயமின் (விற்றமின் B1) கொடுக்கப்பட்டதா என்றும் பாருங்கள். அது தவறினால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம்.

குடியை நிறுத்தியவர் வற்றாப்பளை அம்மன் மேல் சத்தியம் பண்ணுவார். அது அவருடைய நம்பிக்கை, மதிக்க வேண்டும். ஆனால் நாமும் அதே சத்தியத்தைப் பிடித்து அவரை நெருக்கக்கூடாது. மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டால் அம்மனிடமும் பயம், நம்மிடமும் வெட்கம் என்று கிளினிக் பக்கமே வரமாட்டார். "குடித்திருந்தாலும் வாருங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்பிராம் குளிசையைக் கணவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மனைவிமார் உண்டு. இது பெரிய ஆபத்து. அவர் அறியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். குளிசையை நிறுத்திய பிறகும் இரண்டு கிழமை வரை அந்த ஆபத்து இருக்கிறது.

குளிசைகளின் பக்கவிளைவை மறைப்பதும் தவறுதான். மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் தொடங்கிய சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும். முன்பே சொல்லியிருந்தால் கோயிலுக்குப் போகாமல் நம்மிடம் வருவார்கள், அதற்கான ஊசி போட்டதும் குறையும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவர் வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நின்றால் மருந்து உடம்பில் கூடி நஞ்சாகும். மேல்வலிக்குப் பாமசியில் டைக்ளோபெனாக் என்ற வலிக்குளிசை வாங்கிப் போட்டாலும் அப்படியே. மனச்சோர்வுக் குளிசை வேலை செய்ய 2 முதல் 4 கிழமை எடுக்கும். சுகம் வந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும்.

போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடம் "மறந்துவிடுங்கள் அம்மா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2017 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் இருந்து போராடும் தாய்மாரைப் பார்த்தவர்கள் நாம். மகன் வருவான் என்று அவர் காத்திருப்பதைக் கிளினிக் கொப்பியில் நோய்க்குறியாக எழுதவும் வேண்டாம். நித்திரை உண்டா, சாப்பிடுகிறாரா, பேச ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சாக நினைக்கிறாரா என்பதையும் நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்பது வெறும் பயம். ஓம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள். வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு மாதக் குளிசையை அவர் கையில் கொடுக்காமல் உறவினரிடம் கொடுங்கள். 1926 என்ற இலங்கைத் தேசிய மனநல உதவி எண்ணைக் கொப்பியின் முன்னட்டையில் பெரிதாக எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவராக இருந்தால், அவருடைய போனில் நீங்களே பதிந்துகொடுத்து, ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.