சேலத்தில் ஒரு தெருவின் பழைய வீடுகளைக் கண்காட்சியாக வைப்பது எப்படி?

கட்டிடக்கலை, வடிவமைப்பு பற்றிய கண்காட்சி என்றால் சென்னைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொச்சிக்கு ரயில் ஏற வேண்டும் என்றுதான் நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2012 டிசம்பரில் கொச்சி பினாலே என்ற அந்தக் கலைக் கண்காட்சி தொடங்கியபோது ஃபோர்ட் கொச்சியில் கடலோரம் இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிக வளாகத்தையும் கிடங்குகளையும்தான் காட்சிக்கூடமாக்கினார்கள். நமக்குச் சேலத்திலேயே செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது, குகை இருக்கிறது, அம்மாப்பேட்டை இருக்கிறது. ஒரு தெரு, அதில் ஐந்து வீட்டை அளந்து வரைந்த படங்கள், ஒரு மண்டபம், ஒரு சாயங்காலப் பேச்சு, இவ்வளவு போதும். கண்காட்சியை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அந்த ஐந்து வீட்டுக்காரர்கள்தான். கீழே சொல்லும் எல்லா வேலையும் அவர்களை மனதில் வைத்துத்தான்.

முதல் வேலை, அனுமதி

கேமராவோடு போகாதீர்கள். வெறும் கையோடு போய், திண்ணையில் உட்கார்ந்து, பேசிவிட்டு வாருங்கள். இரண்டாவது தடவை போகும்போது அளவெடுக்கக் கேளுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் பல வீடுகளுக்குள்ளேயே வெள்ளிப் பட்டறை ஓடுகிறது, அந்த வீட்டின் வரைபடத்தைப் பொது இடத்தில் மாட்டுவது சாதாரண விஷயம் இல்லை. கதவு எண் வேண்டாம், பீரோவும் லாக்கரும் எங்கே இருக்கின்றன என்று காட்ட வேண்டாம், பூஜை அறையை வரையலாமா என்று தனியாகக் கேளுங்கள். அச்சுக்குப் போகும் முன் வரைந்ததைக் கொண்டுபோய்க் காட்டி, சரி என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

அளவெடுத்தல்

இரண்டு பேர், ஒரு நீள டேப், கிராஃப் தாள், பென்சில். வாசலில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் வரை ஒரே இழுப்பாக இழுத்து, வழியில் வரும் ஒவ்வொரு சுவரும் எத்தனையாவது சென்டிமீட்டரில் வருகிறது என்று குறியுங்கள். அறை அறையாகத் தனித்தனியே அளந்து கூட்டினால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, கடைசியில் வீடு ஒரு சாண் நீண்டுவிடும். பழைய வீட்டில் அறைகள் சரியான சதுரமாக இருக்காது, அதனால் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுத்துக்கொள்ளுங்கள். 1:50 அளவில் வரையுங்கள், அதாவது வீட்டில் 1 மீட்டர் என்றால் தாளில் 2 சென்டிமீட்டர். 20 மீட்டர் ஆழமுள்ள ஒடுக்கமான வீடுகூட 40 சென்டிமீட்டருக்குள் வந்து ஏ2 தாளில் அடங்கிவிடும்.

மேலே இருந்து பார்க்கும் தளப்படம் மட்டும் வரைந்தால் பொதுமக்களுக்குப் புரியாது. வீட்டை நீளவாக்கில் கத்தியால் வெட்டிப் பார்ப்பதுபோல ஒரு வெட்டுப்படம் கட்டாயம் வேண்டும். அதில்தான் திண்ணையின் உயரம், முற்றத்தில் விழும் வெளிச்சம், நெசவு வீடாக இருந்தால் நெசவாளர் கால் வைக்கும் தறிக்குழியின் ஆழம் எல்லாம் தெரியும். தறியில் ஆள் உட்கார்ந்திருப்பதையும் வரைந்துவிடுங்கள். வீடும் வேலையிடமும் ஒன்றாக இருக்கும் இந்த வடிவத்தை இன்றைய கட்டிடக்கலை மாணவர்கள் வந்து படிக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

இடமும் நாளும்

ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபங்கள் காலி. அதே மாதம் சேலத்தில் மாரியம்மன் பண்டிகை, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் பேரன்களும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். இதைவிடத் தோதான சமயம் கிடைக்காது. பூச்சாட்டு, பொங்கல், தேர் நாட்களை மட்டும் விட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

அச்சும் மாட்டுவதும்

ஃப்ளெக்ஸ் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்து, நின்று பார்ப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். வினைல் ஒட்டிய 5 மில்லிமீட்டர் சன்போர்டு (இலேசான நுரைப் பலகை), மேல்பூச்சு பளபளப்பில்லாத மேட் என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள்.

சுவரில் இரட்டைப்பக்க டேப் ஒட்டி மாட்டும் தவற்றை நான் செய்திருக்கிறேன். டிஸ்டெம்பர் பூசிய சுவர், மத்தியானச் சூட்டில் ஒவ்வொன்றாக உரிந்து விழுந்தது, சுவரின் பூச்சும் கூடவே வந்துவிட்டது, மண்டபத்துக்குப் பூச்சுக் கூலி கட்ட வேண்டியதாயிற்று. இப்போது பந்தல்காரரிடம் இரும்புக் குழாய்ச் சட்டமும் வெள்ளைத் துணியும் வாடகைக்கு எடுத்து, பலகையில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டிவிடுகிறேன்.

உயரம்தான் முக்கியம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டரில், அதாவது சுமார் 57 அங்குலத்தில் இருக்க வேண்டும், கண் இயல்பாக நிற்கும் உயரம் என்று பல காட்சிக்கூடங்களில் கடைப்பிடிக்கும் அளவு இது. நிற்கும் வாக்கில் ஏ2 பலகை கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர், பாதி 30, ஆக மேல் விளிம்பு 175-இல் வர வேண்டும். கயிறு கட்டும் ஓட்டை விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே என்றால் ஓட்டையின் உயரம் 170. பெரியதும் சிறியதுமாகப் பலகைகள் இருந்தால் மேல் விளிம்பை ஒரே கோட்டில் வைக்காதீர்கள், நடுப்பகுதிகள் ஒரே கோட்டில் வரட்டும். பள்ளிப் பிள்ளைகள் நிறைய வருவார்கள் என்றால் எல்லாவற்றையும் 10 சென்டிமீட்டர் இறக்குங்கள்.

குறிப்பு அட்டை தமிழில், 24 புள்ளி எழுத்தில், ஐம்பது சொல்லுக்குள். “பாரம்பரியத்தின் பெருமை” என்று எழுதினால் யாரும் நிற்க மாட்டார்கள். “இந்தத் திண்ணை 45 சென்டிமீட்டர் உயரம், மூன்று பேர் படுக்கலாம்” என்று எழுதுங்கள், நின்று படிப்பார்கள், நாலாவதாக யார் படுத்தார்கள் என்று அங்கேயே கதையும் தொடங்கும்.

பேச்சு

கட்டிடக்கலை நிபுணர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால் ஆயாக்கள் எழுந்து போய்விடுவார்கள். டோக்கியோவில் 2003-இல் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைத்தம் என்ற இரண்டு கட்டிடக்கலைஞர்கள் பெச்சகுச்சா என்ற முறையைத் தொடங்கினார்கள். 20 படம், ஒவ்வொன்றுக்கும் 20 நொடி, மொத்தம் 6 நிமிடம் 40 நொடியில் பேச்சு முடிந்தாக வேண்டும். நமக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. மூன்று பேர் போதும்: அளவெடுத்த மாணவர், வீட்டுக்காரர் ஒருவர், சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார்.

கொத்தனாருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம், அவரைப் படம் காட்டச் சொல்லாமல் வேலையையே காட்டச் சொல்லுங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை எப்படி நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது: மரச்சட்டங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்து வைத்து மூலைவாட்டத்தில் அடுக்குவார்கள், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, கடைசியாகத் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். இரண்டடிக்கு இரண்டடி மாதிரி ஒன்றை அவர் கூட்டத்தின் நடுவில் அடுக்கிக் காட்டட்டும். சுண்ணாம்புச் சாந்தில் சேர்க்கும் கடுக்காய் ஊறிய தண்ணீரைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். அவருக்கு முழுநாள் கூலி கொடுங்கள், சால்வையோடு நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளிறிவிடும். பேச்சை ஏழு மணிக்கு மேல் வையுங்கள்.

முடிந்த பிறகு

மறுநாள் பலகைகளை மூட்டை கட்டி வீட்டுப் பரணில் போடாதீர்கள். அந்தந்த வீட்டுப் படத்தை அந்தந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், கூடவே அளவுகள் எழுதிய மூலத்தாளின் நகல் ஒன்றும். ஒழுகும் கூரையை இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று அந்த வீட்டில் பேச்சு வரும் நாளில், எந்தச் சட்டம் எங்கே நிற்கிறது என்று கொத்தனாரிடம் காட்ட அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.