டக டக சத்தமும் சக்கர விளிம்பும்

சிங்கப்பூர் அங் மோ கியோ வீட்டில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில்தான் என்-ஸ்கேல் என்ற சிறிய அளவில் செய்த என் மாதிரி ரயில் ஓடுகிறது. தண்டவாள இடைவெளி 9 மி.மீ. பார்க்க நிஜம்போல் இருக்கிறதே என்று கோட் 55 என்ற தாழ்வான தண்டவாளம் வாங்கினேன், உயரம் 1.4 மி.மீ.தான். பழைய சரக்குப் பெட்டிகளை ஏற்றியதும் ஒரே 'டக டக'. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், சக்கரத்தின் ஆழமான விளிம்பு தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஆணித்தலைகளில் ஒவ்வொன்றாக இடிக்கிறது. அவற்றைச் சீவிவிடச் சொன்னான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை, பிடி விட்டுவிடும். சக்கர அச்சைத் தாங்கும் சட்டமான போகியை லேசாக விரித்து அச்சைக் கழற்றி, விளிம்பு குறைந்த உலோகச் சக்கரம் போட்டேன். சத்தம் நின்றது.

பழைய பெட்டி நிறைய வைத்திருந்தால் பெக்கோ நிறுவனத்தின் கோட் 55 வாங்குங்கள். அது உண்மையில் உயரமான தண்டவாளம்தான், அடிப்பாகம் குறுக்குக்கட்டைக்குள் புதைந்திருப்பதால் தாழ்வாகத் தெரியும். ஆழ விளிம்பும் இடிக்காது.