பக்கத்து வீட்டைப் பார்த்து சோலார் போடும் முன்

நம் குமரி மாவட்டத்து முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், ஆனாலும் நம் வீட்டுக்கு சோலார் வேண்டுமா, சாண எரிவாயு வேண்டுமா என்பதையெல்லாம் அன்பியக் கூட்டத்திலும் (சர்ச்சில் அக்கம்பக்கத்து வீட்டார் கூடுவது) சுய உதவிக் குழுவிலும் டீக்கடையிலும் கேட்டதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். அவர் வீட்டுக் கணக்கை அப்படியே தூக்கி நம் வீட்டில் வைப்பதில்தான் சிக்கல்.

"அவர் 3 கிலோவாட் போட்டார், எனக்கும் 3" என்பது இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. வீட்டுக் கூரையில் சோலார் போட உதவும் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கு 78,000 ரூபாய் என்பதால் பெரியதையே போடத் தோன்றும். வெயில் நன்றாக இருந்தால் 3 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். இரண்டு ஏசி ஓடும் கல்ஃப்காரர் வீட்டுக்கு அது சரி. இலவச யூனிட் போக சில நூறு ரூபாய் மட்டும் பில் கட்டும் வயதானவர்கள் வீட்டில் போட்ட பணம் எப்போது திரும்பும்? ஒரு வருட பில்லை எடுத்துப் பாருங்கள். அப்புறம் மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) ஏறித் தென்னை நிழல் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள், ஒரு பேனலில் விழும் ஓலை நிழலே மொத்த வரிசையின் உற்பத்தியையும் குறைத்துவிடக்கூடும்.

"கரண்ட் போனா சோலாரும் போகுது, ஏமாத்திட்டானுவ" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பேட்டரி இல்லாத, மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு அப்படித்தான் தானாக நின்றுவிடும், நம் சோலார் கரண்ட் கம்பிக்குள் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே!

சாண எரிவாயுதான் இங்கே அதிகம் கெட்டபெயர் வாங்கியது. ஒரு கன மீட்டர் வாயுவுக்குத் தினமும் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். நாலு மாடு வைத்திருப்பவரைப் பார்த்து ஒரே ஒரு மாட்டுக்காரர் அதே அளவில் கட்டுவார், பிறகு அந்த மாட்டையும் விற்றுவிடுவார், தொட்டி காய்ந்து கிடக்கும், "இது நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்று தெருவே சொல்லும். தெருவில் நின்றுபோன ஒரு தொட்டியைப் பார்த்தால் போதும், அதற்குப் பிறகு யார் கட்டப்போகிறார்கள்? மாடு இல்லாத வீட்டுக்குச் சமையல் கழிவில் ஓடும் சிறிய கலனே இருக்கிறது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள அபிவிருத்தித் திட்டத்தினர் 'சக்தி சுரபி' என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தார்கள்.

கடைசியாக இன்னொரு தப்பு, வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறவரும் வீட்டுப் பெரியவரும் பேசி முடித்துவிட்டு அடுப்படியில் நிற்பவரிடம் தகவல் மட்டும் சொல்வது. இண்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டி சூடாகாது, மண்சட்டி இல்லாத மீன்குழம்பை இங்கே யார் ஒத்துக்கொள்வார்கள்? ஓலையும் மட்டையும் ரப்பர் விறகும் முற்றத்தில் சும்மா கிடக்கையில் சம்பா அரிசியை கேஸில் வேகவைக்க மாமியார் விடமாட்டார், அதனால் சிலிண்டர் விருந்தாளிக்கு என்று ஆகிவிடும். வாங்குவதற்கு முன்பே எந்தச் சமையல் எந்த அடுப்பில் என்று சமைப்பவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.