முற்றத்துக்கு வெயில் மறைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டை ஒட்டிய முற்றத்துக்கு நிழல் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் துணியின் நிறத்தையும் விலையையும் முதலில் பார்க்கிறார்கள். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு சாய்வாக விழுகிறது என்பது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். முதன்முறையாக இதில் இறங்குபவர்கள் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் பின்பற்றுவது நல்லது.

படி 1: வெயிலை அளந்துகொள்ளுங்கள்

வெயில் கடுமையாக இருக்கும் காலத்தில் ஒரு நாள், காலையிலிருந்து மாலை வரை மணிக்கு ஒருமுறை, முற்றத்தில் வெயிலும் நிழலும் பிரியும் கோட்டைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, பக்கத்திலேயே நேரத்தையும் எழுதி வையுங்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், காலையில் நிழலாக இருந்த மூலை மாலையில் முழு வெயிலில் நிற்பதைக் கண்ணாலேயே காண்பீர்கள். நீங்கள் உண்மையில் முற்றத்தில் அமரும் நேரத்துக்குரிய கோடுதான் உங்களுக்கு வேண்டியது. மற்றவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அதே நேரத்தில் 1 மீட்டர் நீளமுள்ள குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலை அளந்துகொள்ளுங்கள். நிழல் 2 மீட்டர் இருப்பதாகவும், நீங்கள் அமைக்க நினைக்கும் மறைப்பின் முன்விளிம்பு தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 5 வருகிறது. அதாவது வெயில் நேர் எதிரே இருக்கும்போது அது அந்த விளிம்புக்கு அடியில் நுழைந்து 5 மீட்டர் தொலைவு வரை உள்ளே பாயும். மறைப்பு சுவரிலிருந்து 3 மீட்டர்தான் நீண்டிருக்கிறது என்றால், தரை முழுவதும் வெயில் விழுவதோடு, சுவரிலும் 1 மீட்டர் உயரம் வரை ஏறும். தலைக்கு மேலே எவ்வளவு நல்ல துணியைக் கட்டினாலும், அந்த நேரத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் மடியில் வெயில் இருக்கத்தான் செய்யும்.

படி 2: மறைப்பின் வகையை முடிவு செய்யுங்கள்

குச்சியின் நிழல் 1 மீட்டருக்கும் குறைவாக இருந்தால், வெயில் மேலிருந்து வருகிறது என்று பொருள். மேலே விரியும் மறைப்பே போதும். நிழல் நீளமாக இருந்தால், கிழக்கு அல்லது மேற்குப் பக்கத்தில் திரைபோல் செங்குத்தாக இறங்கும் மறைப்புதான் பயன் தரும். மேற்கு பார்த்த முற்றத்துக்கு மேல்மறைப்பை மட்டும் வாங்குவது வீண் என்பது என் உறுதியான கருத்து.

சுவரில் பொருத்தி, வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருட்டிக்கொள்ளும் ஆனிங், குளிர்காலத்தில் வெயிலை உள்ளே விட விரும்புவோருக்கு ஏற்றது. தூண்களுக்கிடையே இழுத்துக் கட்டும் பாய்மர வடிவத் துணி அகலமான இடத்துக்குப் பொருந்தும். தகரத் தகடும் பாலிகார்பனேட் ஷீட்டும் மழையையும் தாங்கும். ஆனால் தகரம் தான் உள்வாங்கிய சூட்டைக் கீழே வீசும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, கனமான அடிப்பாகம் கொண்ட பெரிய குடையே எளிய வழி.

படி 3: காற்றையும் சுவரையும் சோதியுங்கள்

இந்தப் படியில்தான் அவசரப்படவே கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், துணியின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். சாதாரண நாளில் உறுதியாகத் தோன்றும் ஒரு கொக்கி, புயல்காற்றில் வேறு பொருளாகிவிடும்.

நான் முதலில் கட்டிய பாய்மரத் துணியின் ஒரு மூலை, ஓர் இரவுக் காற்றில் கழன்று விழுந்தது. காலையில் கொக்கியை எடுத்துப் பார்த்தபோது, அதன் திருகுகளில் சிமென்ட் பூச்சு கைப்பிடியளவு ஒட்டியிருந்தது. செங்கல்லின் சிவப்புத் தூள் திருகின் நுனியில் மட்டும்தான் இருந்தது. பூச்சு எடையைத் தாங்காது. துளை பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ போதிய ஆழம் சென்றிருக்க வேண்டும். சுவரின் தன்மைக்கேற்ற ஆங்கர் போல்ட்டை, அதாவது துளைக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும் போல்ட்டைப் பயன்படுத்த வேண்டும். உள்ளீடற்ற கற்களால் கட்டிய சுவராக இருந்தால், பொருத்துவதற்கு முன் கட்டுமானம் அறிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். மடக்கு ஆனிங் வாங்குவோர், அது எந்த வேகக் காற்று வரை விரிந்திருக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொண்டு, காற்று வலுக்கும்போது தயங்காமல் சுருட்டிவிட வேண்டும்.

படி 4: துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பின்னிய நிழல் வலை காற்றை விடும், மழையையும் விடும். அதன் மீது குறிக்கப்படும் 50, 75, 90 என்ற சதவீதங்கள் அது எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்பதைக் காட்டுகின்றன. இழை உருவாகும்போதே நிறம் சேர்க்கப்பட்ட அக்ரிலிக் துணி, மேற்பரப்பில் மட்டும் சாயமேற்றிய துணியைவிட மெதுவாகவே வெளிறும். பி.வி.சி. பூசிய துணியில் நீர் இறங்காது, ஆனால் சூடான காற்றும் அதன் வழியே வெளியேறாது. வெளிர் நிறம் வெப்பத்தை அதிகம் திருப்பியனுப்பினாலும் கண் கூசும் வெளிச்சத்தைக் கீழே விடும். அடர் நிறம் தான் சூடேறினாலும் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

துணியைவிடத் தையலைக் கூர்ந்து பாருங்கள். பல மறைப்புகளில் துணி நன்றாக இருக்கும்போதே வெயிலில் நூல் இற்று, மடிப்போரம் பிரிந்துவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் நூலா என்று வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

படி 5: சரிவும் இடைவெளியும்

தட்டையாகக் கட்டிய துணியில் மழைநீர் தேங்கும். 1 சதுர மீட்டரில் 1 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றாலே அதன் எடை 10 கிலோ; துணி தொய்யத் தொய்ய மேலும் நீர் சேரும். ஆகவே நான்கு மூலைத் துணியில் எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தியும் மற்ற இரண்டைத் தாழ்த்தியும் கட்டுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டிச் சிறிது இடைவெளி விட்டால், அடியில் சூடாகும் காற்று மேலெழுந்து வெளியேறும். பொருத்தி முடித்தபின் வாளியால் மேலே நீர் ஊற்றி, அது எந்த மூலையில் வடிகிறது, வீட்டு வாசலை நோக்கி ஓடுகிறதா என்று பார்த்து, தேவையானால் அன்றே கயிற்றின் இறுக்கத்தை மாற்றிவிடுங்கள்.