ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள் பெயர் விஷயத்தில் செய்யும் தவறுகள்

2006-இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் வேறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1998-லிருந்து அவர் நடத்திவந்த ஈத்தரீயல் என்ற மென்பொருள், நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்க்க உதவுவது. அந்தத் துறையில் அப்போது தெரியாதவர் குறைவு. யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் நிரல் இருந்ததால் அதை எடுத்துச்செல்ல அவருக்குத் தடை இல்லை. பெயரைத்தான் எடுத்துச்செல்ல முடியவில்லை. டிரேட்மார்க் பழைய நிறுவனத்திடம் இருந்தது. எட்டு ஆண்டுகளில் சம்பாதித்த பெயரை விட்டுவிட்டு, வயர்ஷார்க் என்று புதிதாகத் தொடங்கினார்கள்.

வயர்ஷார்க் பிழைத்து, இன்று பாடத்திட்டம்வரை வந்துவிட்டது. எல்லாத் திட்டங்களுக்கும் அந்த வலு இருக்காது. எத்தனையோ தன்னார்வலர்கள் தூக்கம் கெட்டு உழைத்த உழைப்பெல்லாம் மக்கள் மனதில் ஒரு பெயராகத்தான் பதிந்திருக்கும். அதனால்தான் இதை அலட்சியமாக விடக்கூடாது என்கிறேன்.

முதல் தவறு, நிரலின் உரிமமே பெயரையும் தந்துவிடுகிறது என்று நினைப்பது. உரிமம் பேசுவது பதிப்புரிமையைப் பற்றி. அப்பாச்சி 2.0 உரிமத்தின் ஆறாவது பிரிவு, டிரேட்மார்க்கைப் பயன்படுத்த அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இதைச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று சிலர் கோபிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் நிரலை எடுத்து, அதில் உளவு பார்க்கும் வரிகளைச் சேர்த்து, உங்கள் பெயரிலேயே ஒருவர் விநியோகித்தால் ஏமாறுவது பயனர்தான். மாற்றும் உரிமை எல்லாருக்கும் உண்டு; மாற்றியதை வேறு பெயரில் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

அதைவிடப் பெரிய தவறு, பெயர் யார் கையில் இருக்கிறது என்று கேட்காமலே ஆண்டுக்கணக்கில் உழைப்பது. ஹட்சன் கதையைப் பாருங்கள். நிரலைத் தானாகவே தொகுத்துச் சோதிக்கும் மென்பொருள் அது; சன் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது கோசுகே கவாகுச்சி தொடங்கிய திட்டம். 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்துக்குத் திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பங்களிப்பாளர்கள் பேசத் தொடங்கியதும், ஹட்சன் என்ற பெயர் எங்களுடையது என்றது ஆரக்கிள். 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தது. பெயரை மாற்ற 214 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. அப்படிப் பிறந்ததுதான் ஜென்கின்ஸ். ஆவணங்கள் தயாரிக்க உதவும் லிப்ரே ஆபிஸும், அதே ஆரக்கிளிடம் இருந்த ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்ததே. ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரைத் தந்துவிடுவார்கள் என்று காத்திருந்து, அதுவரைக்கும் என்று வைத்த பெயர் அது. அதுவே நிலைத்துவிட்டது.

ஆகவே தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள்: நான் வேலையை விட்டால், நிறுவனம் விற்கப்பட்டால் பெயர் யாருக்கு? லாப நோக்கமற்ற ஓர் அமைப்பிடம் ஒப்படைப்பது நல்ல வழி. லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வடிவமான டெபியனின் டிரேட்மார்க்கைச் சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட் என்ற அமைப்பு வைத்திருக்கிறது. ஆனால் ஒப்படைத்துவிட்டதாலேயே நிம்மதி வந்துவிடாது. இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் பெயரை 2010-இல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் ஓர் அறக்கட்டளைக்கு மாற்றியது. வணிகப் பயன்பாட்டுக்கான தனி உரிமம் அந்த நிறுவனத்திடமே இருந்தது. வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடம் தரும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்தோடு 2024-இல் மூண்ட சண்டையில்தான் பலருக்கு இதன் கனம் புரிந்தது. ஒப்பந்தத்தின் கடைசிப் பத்திவரை படியுங்கள்.

தேடிப் பார்க்காமல் பெயர் வைப்பதும் வழக்கமாக நடப்பது. இன்றைய ஃபயர்ஃபாக்ஸின் முதல் பெயர் ஃபீனிக்ஸ். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளைச் செய்யும் ஒரு நிறுவனம் அதே பெயரில் இருந்ததால் 2003-இல் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பெயரிலும் ஏற்கெனவே ஒரு தரவுத்தளத் திட்டம், அதுவும் ஓப்பன் சோர்ஸ் திட்டம், இருந்தது. அவர்கள் வருந்தியது நியாயம்தான். 2004 பிப்ரவரியில் இரண்டாவது முறையாகப் பெயர் மாறி ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. டிரேட்மார்க் பதிவேட்டோடு நிற்காமல் கிட்ஹப், நிரல் தொகுப்புகளின் பட்டியல்களான பைபிஐ, என்பிஎம் எல்லாவற்றிலும் தேடுங்கள்.

பதிவைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸே சாட்சி. அமெரிக்காவில் சம்பந்தமில்லாத ஒருவர் 1994-இல் அந்தப் பெயருக்கு விண்ணப்பித்துப் பதிவும் வாங்கிவிட்டார். வழக்குப் போட்டு, 1997-இல்தான் அது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடம் வந்தது. லினக்ஸ் கணினிகளின் திரை முகப்பைத் தரும் குனோம் திட்டமோ முன்பே பதிவு செய்திருந்தது. 2014-இல் குரூப்பான் என்ற நிறுவனம் அதே பெயரில் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்தபோது, எதிர்த்து வழக்காட 80,000 டாலர் வேண்டும் என்று குனோம் திட்டத்தினர் மக்களிடம் கேட்டார்கள். பணம் குவிந்தது, குரூப்பான் பின்வாங்கியது. இந்தியாவில் மென்பொருளுக்கு டிரேட்மார்க் வகைப்பாட்டின் 9-ஆம் வகுப்பில் பதிய வேண்டும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். முதல் வெளியீட்டின் தேதியைக் காட்டும் சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள். முன்பே பயன்படுத்தியவர் என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு.

பெயர் கைக்கு வந்ததும் இறுக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. 2023-இல் ரஸ்ட் என்ற நிரல்மொழியின் அறக்கட்டளை, பெயரைப் பயன்படுத்துவது பற்றி வெளியிட்ட வரைவுக் கொள்கை அதன் சொந்தச் சமூகத்தையே கொதிக்கவைத்தது; மன்னிப்புக் கேட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் நிபந்தனைகளால் டெபியன் தான் வழங்கிய அந்தப் பிரவுசரை 2006-லிருந்து 2016 வரை ஐஸ்வீசல் என்றே அழைத்தது. அதற்காக ஒரேயடியாகத் தளர்த்திவிடவும் கூடாது. பொருட்களை இலவசமாகக் கைமாற்றும் ஃப்ரீசைக்கிள் என்ற இயக்கத்தைப் பாருங்கள்; அது மென்பொருள் அல்ல என்றாலும் பாடம் ஒன்றே. உள்ளூர்க் குழுக்கள் பெயரை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று கண்காணிக்காததால், ஒரு குழுவுக்கு எதிராகத் தன் உரிமையை நிலைநாட்ட முடியாமல் 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

கடைசியாக, அடுத்தவர் பெயரோடு நீங்கள் செய்யும் தவறு. வேர்ட்பிரஸுக்கு ஒரு செருகுநிரல் எழுதினால், ‘வேர்ட்பிரஸுக்கான படிவக் கருவி’ என்று விளக்கத்தில் சொல்வதில் சிக்கல் இல்லை, உண்மையைத்தானே சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் பெயரையே உங்கள் இணைய முகவரியில் சேர்க்காதீர்கள், அறக்கட்டளையின் கொள்கை அதை அனுமதிப்பதில்லை. ஃபோர்க் எடுக்கிறீர்களா, அதாவது ஒரு நிரலின் நகலிலிருந்து தனித் திட்டம் தொடங்குகிறீர்களா? முதல் நாளே புதுப் பெயர் வையுங்கள். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளத் திட்டம் தன் உரிமத்தை மாற்றியபோது, பிரிந்து வந்தவர்கள் சில நாட்களிலேயே வால்கீ என்ற பெயரோடு வந்துவிட்டார்கள்.