சாம்பல் கலர் குஞ்சு மட்டும் வர என்ன பண்ணேன்

சாம்பல் கலர் கோழின்னா எனக்கு உயிரு, அதனால சாம்பல் சேவலுக்கு சாம்பல் பெட்டையவே ஜோடி போட்டு அடை வச்சேன், ஆனா ஒவ்வொரு தடவையும் கருப்பும் வரும், வெள்ளையில திட்டுத் திட்டா சாம்பல் அடிச்சதும் வரும். கலப்பு ரத்தம்னு சொன்னாங்க, அது காரணமே இல்லங்க.

கருப்பு நிறத்த வெளுக்க வைக்கிற ஜீன் ஒண்ணு இருக்கு, அது ஒரு நகல் (காப்பி) இருந்தா சாம்பல், ரெண்டு இருந்தா திட்டு வெள்ளை, இல்லவே இல்லன்னா கருப்பு. அண்டலூசியன்ங்கிற ஸ்பெயின் நாட்டு இனக் கோழில பேட்சன், புன்னெட்ங்கிற மரபியல் ஆராய்ச்சியாளருங்க 1900கள்லயே இத சோதிச்சு காட்டிட்டாங்க. அதனால சாம்பலும் சாம்பலும் சேந்தா சராசரியா 25% கருப்பு, 50% சாம்பல், 25% திட்டு, எத்தன தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் இது மாறாது.

நான் பண்ணது, எல்லாரும் கழிச்சு விடுற அந்த திட்டு சேவல வச்சுக்கிட்டு கருப்புப் பெட்டைங்களோட விட்டேன். அப்பன்கிட்ட இருந்து ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு நகல் வரும், அம்மாகிட்ட இருந்து எதுவும் வராது, அதனால குஞ்சு அத்தனையும் சாம்பல்! பெட்டை மட்டும் சுத்த கருப்பா பாத்து எடுங்க, ஏன்னா இந்த ஜீன் சிவப்பு நிறத்த தொடாது, கழுத்துல செம்பு கலர் ஓடுற பெட்டைன்னா அதுக்குப் பொறக்குற சாம்பல் சேவலுங்க கழுத்துலயும் அது தெரிய வாய்ப்பிருக்கு.